பழைய தோல் ஜக்கெட் தேடுகிறவர்களுக்கு: கண்டியிலிருந்து சில குறிப்புகள்

விடியற்காலையில் கடுகண்ணாவ வழியாக மோட்டார் சைக்கிள் ஓடுகிறவருக்கு நல்ல தோல் ஜக்கெட்டின் அருமை தெரியும். அம்பது, அறுபது வருடத்துக்கு முந்திய ஜக்கெட் ஒன்று கிடைத்தால் ஆசை இன்னும் கூடும். ஆனால் தோலுக்குப் பெரிய எதிரி நம் மலைநாட்டு ஈரம். ஆகவே இங்கே பெயரைப் பார்க்கும் முன் தோலைப் பார்க்க வேண்டும்.

1. தேடலைக் கடையில் தொடங்காதீர்கள். பழைய பிஎஸ்ஏ, நோர்ட்டன், டிரையம்ப் ஓடியவர்களின் வீடுகளிலும், அவற்றைத் திருத்திய மூத்த மெக்கானிக்மாரிடமும் விசாரியுங்கள். 1975இல் வெளிநாட்டுக் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்தக் காலத்துப் பங்களாக்களில் வேலை செய்தவர்களின் ட்ரங்குப் பெட்டிகளில் துரைமாரின் உடுப்புகள் இன்னும் இருக்கலாம். கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கம் கேட்டுப் பாருங்கள். கேட்டவுடன் விலை பேசாதீர்கள். அது அந்தக் குடும்பத்துக்கு ஒரு தாத்தாவின் நினைவாக இருக்கக்கூடும்.

2. நுவரெலியா பேல் பஜாரில் குவிந்திருப்பவை பெரும்பாலும் நைலோன் குளிர் ஜக்கெட்டுகள். அவற்றுக்கிடையே தோல் என்று விற்பதில் பல ரெக்சீன். பொறுமை இருந்தால் மட்டும் கிளறிப் பாருங்கள்.

3. தோலா, ரெக்சீனா? பைக்குள்ளோ ஓரத்திலோ வெட்டு முனையைத் தேடுங்கள். உண்மைத் தோலின் உட்புறம் நார்நாராக இருக்கும். ரெக்சீனின் அடியில் நெய்த துணி தெரியும். தோலின் நுண்துளைகள் ஒழுங்கில்லாமல் பரந்திருக்கும். அச்சடித்ததில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். நெருப்பு வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

4. விலை பேசுமுன் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்: அக்குள், கழுத்துப்பட்டியின் மடிப்பு, முழங்கை, கை விளிம்பு. அங்கே தோலை மெதுவாக மடித்துப் பாருங்கள். மேலே சுருக்கம் மட்டும் விழுந்தால் பயமில்லை, அது வயதின் அழகு. மடிப்பில் வெடிப்பு ஆழமாகத் திறந்தால் தோல் உலர்ந்து செத்துவிட்டது. எந்தக் கிறீமும் அதை உயிர்ப்பிக்காது. விரலில் செங்கபிலப் பொடி ஒட்டினால், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை இலவசமாகத் தந்தாலும் ஓடுவதற்கு எடுக்காதீர்கள். பிறகு தையலை இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். பருத்தி நூல் ஈரத்தில் உக்கிப்போவதுண்டு. நூல் மட்டும் போயிருந்தால் கெட்டிக்காரச் சப்பாத்துத் தொழிலாளி ஒருவர் பழைய துளைகள் வழியாகவே மறுபடி தைத்துத் தருவார்.

5. சிப்பைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். அமெரிக்க ஜக்கெட்டில் டேலன், பிரித்தானிய ஜக்கெட்டில் லைட்னிங் என்று இருந்தால் நல்ல அறிகுறி. வைகேகே என்று கண்டதும் போலி என்று தூக்கிப் போடாதீர்கள். 1934இல் ஜப்பானில் தொடங்கிய அந்தக் கம்பனியின் சிப் பல நல்ல ஜக்கெட்டுகளிலும் உண்டு. சிப் இறுகினால் மெழுகுதிரியைப் பற்களில் தேய்த்தால் போதும். மூல சிப்பைக் கழற்றி மாற்றினால் சேகரிப்பவர் தரும் விலை இறங்கும்.

6. லேபலில் பெரும்பாலும் ஆண்டு அச்சிட்டிருக்காது. ஆனாலும் முகவரி காலத்தைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1963க்கு முந்தியதல்ல. லண்டன் தொலைபேசி எண் 01 என்று தொடங்கி அதன் பின் ஏழு இலக்கம் இருந்தால் 1990 மே மாதத்துக்கு முந்தியது. 071, 081 என்றால் 1990க்கும் 1995க்கும் இடைப்பட்டது. ‘மேற்கு ஜேர்மனியில் செய்தது’ என்றால் 1990உடன் கதை முடிந்தது. ஆனால் லேபலைப் பிரித்து வேறு ஜக்கெட்டில் தைப்பவர்களும் இருக்கிறார்கள். அதன் நூலும் மற்ற நூலும் ஒரே வயதா என்று பாருங்கள்.

7. அறிந்து வைக்க வேண்டிய பெயர்கள் இரண்டு. நியூயோர்க்கின் ஷொட் 1928இல் சிப் வைத்த ‘பெர்ஃபெக்டோ’வை ஐந்தரை டொலருக்கு விற்றது, 1953இல் மார்லன் பிராண்டோ நடித்த படத்துக்குப் பின் அந்தப் பாணி உலகெங்கும் பரவியது. லண்டனின் லூயிஸ் லெதர்ஸ் 1892இல் தொடங்கியது. அதன் பழைய லேபல்களில் ‘ஏவியாகிட்’ என்ற பெயரையும் காணலாம்.

8. “யுத்தகாலச் சாமான்” என்ற கதைக்குத் தனி விலை கொடுக்காதீர்கள். 1944 ஏப்ரலில் நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தது வரலாறு. அதனால் கண்டியில் கிடைக்கும் ஒவ்வொரு தோலுடுப்பும் இராணுவத்தினதாகிவிடாது. பிரித்தானிய இராணுவப் பொருளில் அகன்ற அம்புக்குறி முத்திரை இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். அதே ஜக்கெட்டை அணிந்த ஆளின் பழைய படம் குடும்பத்தில் இருந்தால், அதன் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நல்ல சான்று அதுதான்.

9. பழைய அளவுகள் இன்றைய உடம்புக்குச் சிறியவை. லேபலில் 40 என்றிருப்பதை நம்பாமல், ஜக்கெட்டைப் படுக்க வைத்து அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். உங்கள் மார்பளவைவிட மூன்று, நான்கு அங்குலம் கூட இருக்க வேண்டும்.

10. மதிப்பு என்ன? இணையத்தில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள். அதிலிருந்து சிப், உட்துணி, தையல் திருத்தச் செலவைக் கழியுங்கள். கறுப்பு மை பூசி மினுக்கியதற்கு மதிப்புக் குறைவு. மங்கிய இயல்பான நிறமே மேல்.

11. பூஞ்சணம் பிடித்திருந்தால் வீட்டுக்குள் தட்டாதீர்கள். வெளியே கொண்டுபோய், வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சம அளவு கலந்து, முதலில் மறைவான இடத்தில் தொட்டு, நிறம் போகாவிட்டால் மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். நிழலில், காற்றில் காயட்டும். அடுப்பு வெப்பமும் உச்சி வெயிலும் ஈரத் தோலைச் சுருக்கிவிடும்.

12. தேங்காய் எண்ணெய் வேண்டாம். தோல் கறுக்கும், நாளடைவில் காறல் நாற்றம் வரும். தோலுக்கென்றே உள்ள கிறீமை மெல்லியதாகத் தடவினால் போதும். அலுமாரியில் அகன்ற மர ஹேங்கரில் தொங்கவிட்டு, பொலித்தீன் உறைக்குப் பதில் பழைய பருத்திச் சாரத்தால் மூடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் வாரம் ஒரு தடவையாவது கதவைத் திறந்து காற்றுப் படவிடுங்கள்.