அனல்மின் நிலையத்தில் எரிபொருட் சிக்கனமும் கண்காணிப்பு மென்பொருளும்

1990ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணத்திலே மின்சாரமின்றிப் படித்த பழைய மாணவர்கள் ஜாம் போத்தல் விளக்கை மறந்திருக்கமாட்டார்கள். போத்தலின் அடியிலே சிறிதளவு மண்ணெண்ணெய், அதனுள்ளே ஒரு கம்பி தாங்கிய பஞ்சுத்திரி, அவ்வளவே. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிருந்த அக்காலத்தில், திரியை எவ்வளவு தூண்டினாற் புகையாது எரியும், எத்தனை கரண்டி எண்ணெய்க்கு எத்தனை மணித்தியாலம் படிக்கலாம் என்னும் கணக்கு வீட்டிலுள்ள எல்லோருக்கும் மனப்பாடம். இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருளும் அந்த விளக்கின் கணக்கே. அளவில் மாத்திரமே பெரிது.

இலங்கையின் ஒரேயொரு நிலக்கரி மின் நிலையம் புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் உள்ளது. ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று வலுவுடைய மூன்று பகுதிகளைக் கொண்ட இந்நிலையத்தில், முதலாவது பகுதி 2011ஆம் ஆண்டிலே தொழிற்படத் தொடங்கிற்று. 2014ஆம் ஆண்டில் மூன்றும் நிறைவெய்தின. நிலக்கரி முழுவதும் கப்பலில் வருவது. தென்மேற் பருவக்காற்று வீசும் மாதங்களில் அக்கடல் கொந்தளித்தலால், கடல் அமைதியாயுள்ள மாதங்களிலேயே ஆண்டு முழுவதற்கும் வேண்டிய கரியை இறக்கிக் குவித்தல் வேண்டும். குவித்தற்கு வேண்டிய பணமோ அந்நியச் செலாவணி. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தபோது, எரிபொருள் வாங்கப் பணமில்லாத நாட்டின் நிலை எத்தகையதென்பதை யாவரும் கண்டோம்.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு கிலோவாற்று மணி மின்சத்தி 3,600 கிலோயூலுக்குச் சமன். அம்மின்சத்தியைப் பிறப்பிக்க நிலையமொன்று எத்தனை கிலோயூல் வெப்பத்தைச் செலவிடுகின்றதோ, அதுவே அந்நிலையத்தின் வெப்பவீதம் எனப்படும். வெப்பவீதம் 10,000 கிலோயூல் எனக் கொண்டால் வினைத்திறன் நூற்றுக்கு 36. எஞ்சிய 64 எங்கே சென்றது? பெரும் பங்கு குளிர்க்கும் நீரோடு கடலுக்கும், ஒரு பங்கு புகைபோக்கி வழியாக வானுக்கும் செல்கின்றது. வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற எந்த இயந்திரத்தாலும் இயலாது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ 1824ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலின் வழிக் காட்டினார். ஆகவே 64 முழுவதையும் மீட்க முயல்வது பேதைமை. அதனுள்ளே இயற்கை விதியால் இழப்பது எவ்வளவு, நமது கவனக்குறைவால் இழப்பது எவ்வளவு என்று பிரித்தறிவதே பொறியியலாளனின் வேலை.

மாணவர்கள் தாளெடுத்துப் பார்க்கலாம். 300 மெகாவாற்றுப் பகுதியொன்று முழு வலுவில் ஓடும்போது மணிக்கு 3,00,000 கிலோவாற்று மணி பிறக்கும். வெப்பவீதம் 10,000 ஆயின் வேண்டிய வெப்பம் 300 கோடி கிலோயூல். ஒரு கிலோகிராம் கரி 25,000 கிலோயூல் தருமெனக் கொண்டால், மணிக்கு 120 தொன், நாளுக்கு 2,880 தொன் கரி எரியும். இதில் நூற்றிலொரு பங்கு மிச்சமாயின் நாளுக்கு 28.8 தொன், ஆண்டில் 300 நாட்கள் ஓடினால் 8,640 தொன். மூன்று பகுதிக்கும் 25,920 தொன்! நூற்றிலொன்று என்று இகழத்தக்க அளவன்று.

அளந்து வெளியிடுவதாலேயே சிக்கனம் பிறக்கும் என்பதற்குப் பழைய சான்றொன்று உண்டு. இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியிலே செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களில் ஊறும் நீரை இறைக்க நீராவி இயந்திரங்கள் வைத்திருந்தனர். அங்கே கரி கிடையாது. கடல் வழியாக வருவிக்க வேண்டும். (நமது நிலையும் அதுதானே.) ஜேம்ஸ் வாற்று என்பாரும் அவர்தம் கூட்டாளியும், தமது இயந்திரத்தால் மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றிலொரு பங்கைக் கூலியாகப் பெற்றனர். அதற்காக இயந்திரத்தின் அசைவுகளை எண்ணும் கருவியொன்றைப் பெட்டியிலிட்டுப் பூட்டியும் வைத்தனர். அவரது உரிமைக் காலம் 1800ஆம் ஆண்டில் முடிந்தது, அளப்போர் அகன்றனர், இயந்திரங்களின் பராமரிப்பும் தளர்ந்தது. பின்னர் 1811ஆம் ஆண்டிலே ஜோயெல் லீன் என்பவர், ஒரு புசல் கரியைக் கொண்டு ஒவ்வோர் இயந்திரமும் எத்தனை றாத்தல் நீரை ஓரடி உயர்த்திற்று என்று மாதந்தோறும் அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். எவர் இயந்திரம் முந்தியது, எவர் இயந்திரம் பிந்தியது என்பது ஊரறிந்த செய்தியாயிற்று. முந்தியவர் செய்த மாற்றத்தைப் பிந்தியவர் சென்று பார்த்துப் பின்பற்றினார். சில பத்தாண்டுகளுக்குள் அவ்வியந்திரங்களின் சராசரித் திறன் மும்மடங்கிற்கும் மேலாக உயர்ந்தது. அவ்வச்சுத் தாள் தானாக ஒரு திருகையேனும் முடுக்கவில்லை. முடுக்க வேண்டிய இடத்தை மாத்திரம் காட்டிற்று.

இன்றைய கண்காணிப்பு மென்பொருள் லீனின் தாளுக்கு வழித்தோன்றல் எனலாம். ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஸ்டேர்லிங்டன் மின் நிலையத்தில் 1958ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கணினி, தொழில் நிலையங்களிற் கண்காணிப்பிற்கென வைக்கப்பட்ட முதற் கணினிகளுள் ஒன்று. அக்காலத்தே கணினி பார்த்தெழுதும். மனிதன் முடிவு செய்வான். இன்றும் எரிபொருட் சிக்கனத்தைப் பொறுத்தவரை நிலைமை பெரும்பாலும் அதுவே.

மென்பொருள் செய்வது யாது? நிலையமெங்கும் உள்ள நூற்றுக்கணக்கான கருவிகளின் அளவீடுகளைக் கணத்துக்குக் கணம் வாங்குகின்றது. இதே வலுவில், இதே கரியோடு, இதே கடல்நீர் வெப்பநிலையில் இந்நிலையம் எவ்வாறு ஓடவேண்டும் என்னும் எதிர்பார்த்த பெறுமானங்களைக் கணிக்கின்றது. பின்னர் இரண்டிற்குமுள்ள வேறுபாட்டைக் காரணங்களுக்கு ஏற்பப் பங்கிடுகின்றது. ‘வெப்பவீதம் நூற்றுக்கு இரண்டு கூடியுள்ளது’ என்பது பயனற்ற செய்தி. அதனை ஒரு நல்ல கணக்கப்பிள்ளையும் மாத முடிவிற் சொல்லிவிடுவான். ‘அதில் இவ்வளவு ஒடுக்கியால், இவ்வளவு மிகை வளியால், இவ்வளவு சாம்பலிலே எரியாது தங்கிய காபனால்’ என்று பங்கிட்டு, ஒவ்வொன்றையும் மணிக்கு இத்தனை ரூபா எனக் காட்டுவதே இதன் சிறப்பு. தொழிலாளி முதல் முகாமையாளர் வரை எல்லோருக்கும் விளங்கும் அலகு ரூபா ஒன்றே அன்றோ!

ஒடுக்கியை எடுத்துக்கொள்வோம். சுழலியை விட்டு வெளிவரும் நீராவியைக் கடல்நீர் ஓடும் ஆயிரக்கணக்கான குழாய்களின்மீது படரவிட்டு, மீண்டும் நீராக்கும் பாத்திரம் அது. அங்கே அமுக்கம் எவ்வளவு தாழ்கின்றதோ, சுழலி அவ்வளவு மிகுதியாக வேலை செய்யும். 29 செல்சியசுப் பாகையிற் புகும் கடல்நீர் 38 பாகையில் வெளியேறுமாயின், தூய ஒடுக்கியொன்றில் ஆவி ஏறத்தாழ 41 பாகையில் ஒடுங்கும். அப்போது அமுக்கம் 8 கிலோபாஸ்காலை ஒட்டியிருக்கும். இது 10 கிலோபாஸ்காலுக்கு உயர்ந்துவிட்டதென்க. காரணம் யாது? கடல்நீரே வெம்மையுற்றிருப்பின் நாம் செய்வதற்கொன்றுமில்லை. எதிர்பார்த்த பெறுமானத்தையே உயர்த்திக்கொள்ள வேண்டியதுதான். கடல்நீரின் வெப்பநிலை ஏற்றம் 9 பாகைக்குப் பதிலாக 13 பாகையாயின், பாயும் நீர் குறைந்துவிட்டது. பம்பியையோ அடைபட்ட குழாய்களையோ பார்க்க வேண்டும். ஏற்றம் பழையபடியே இருக்க, வெளியேறும் நீருக்கும் ஆவிக்கும் உள்ள வேறுபாடு மாத்திரம் விரிந்திருப்பின், குழாய்ச் சுவரிலே பாசியும் உப்பும் படிந்திருத்தல் வேண்டும். அல்லது எங்கோ ஒரு மூட்டு வழியாக வெளிவளி உட்புகுந்து ஆவியைப் போர்வைபோல் மூடியிருத்தல் வேண்டும். இவ்விரண்டுள் எது என்பதை, ஒடுக்கியிலிருந்து உறிஞ்சி அகற்றப்படும் வளியின் அளவு சொல்லிவிடும். நோயாளியின் நாடி, நாக்கு, கண் ஆகிய மூன்றையும் பார்த்து நோயை நிச்சயிக்கும் பரியாரியாரின் முறையும் இதுவே.

கொதிகலனில் வளியின் கதை வேறு. கரி முற்றாய் எரிய, கணக்கிற்கு வேண்டியதிலும் சிறிது மிகையாக வளி ஊதவேண்டும். குறைந்தால் காபனோரொட்சைட்டும் எரியாக் கரியும் எஞ்சும். உலைச் சுவரில் உருகிய சாம்பல் கட்டியாகும். கூடினால், எரிதலுக்கு உதவாத வளியைச் சூடாக்கி வானத்துக்கு அனுப்பியவராவோம். புகைவாயுவின் வெப்பநிலை எதிர்பார்த்ததிலும் 20 பாகையளவு உயர்ந்தாலே கொதிகலனின் வினைத்திறன் நூற்றுக்கு ஒன்றளவு குறையும் என்பது பொதுவான கணிப்பு. கட்டுப்பாட்டறையில் இரவுக் கடமையில் இருப்பவர் எப்பக்கம் சாய்வார்? மிகை வளியின் பக்கமே. உலை அணைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். கரி வீணானால் எவரும் கேட்பதில்லை. இச்சாய்வைக் குற்றமென்று நாம் கொள்ளமாட்டோம், அச்சம் நியாயமானதே. ஆனால் இந்த வலுவிற்கு, இந்தக் கரிக்கு, எந்த அளவு ஒட்சிசன் வரை அஞ்சாது இறங்கலாம் என்பதை மென்பொருள் எண்ணாக எழுதிக் காட்டுமிடத்து, அவ்வச்சத்திற்கும் ஓர் எல்லை கிடைக்கின்றது. உலைக் குழாய்களிற் படியும் சாம்பலை ஆவி ஊதி அகற்றும் வேலையும் இத்தகையதே: ஊதும் ஆவிக்கும் கரி செலவாகின்றபடியால், மணிப்பிரகாரம் ஊதாது, படிவு கண்டு ஊதுதல் நன்று.

இதுவரை மென்பொருளைப் புகழ்ந்தோம். அதன் குறையையும் சொல்லாதுவிடின் மாணவர்க்குத் தீங்கு செய்தவராவோம்.

நாம் முன்னர் கடமையாற்றிய அனல்மின் நிலையமொன்றில், ஒருநாட் காலை திரையிலே புகைவாயுவின் வெப்பநிலை வழக்கத்திலும் 12 பாகை தாழ்ந்து காணப்பட்டது. மென்பொருள் கொதிகலனின் வினைத்திறன் உயர்ந்ததென்று பச்சை நிறத்தில் எழுதிற்று. அந்த வாரம் முழுவதும் நாம் மகிழ்ந்திருந்தோம். தலைமைக் காரியாலயத்துக்கு அறிக்கையும் அனுப்பினோம். எட்டாம் நாள், நாற்பது ஆண்டு பொறிகளோடு பழகிய பிற்றர் ஒருவர் எம்மிடம் வந்து, “தம்பி, புகை இழுக்கிற விசிறியின்ரை சத்தம் மாறிப்போச்சு. ஒருக்கா வந்து கேளும்” என்றார்.

சென்று கேட்டோம். எமது செவிக்கு ஒன்றும் புலப்படவில்லை. ஆயினும் விசிறியின் மின்னோட்ட அளவைப் பார்த்தபோது அது நாளுக்கு நாள் ஏறி வந்திருந்தது. வெளியேறும் புகையின் வெப்பத்தைக் கொண்டு உட்செல்லும் வளியைச் சூடாக்கும் சுழல் வளிச்சூடாக்கியிலே அடைப்புத் தகடுகள் தேய்ந்து, குளிர்ந்த வளி புகைப் பக்கம் கசிந்து கலந்துகொண்டிருந்தது. கலந்த வளி புகையின் வெப்பநிலையைத் தாழ்த்திற்று, அதைக் கண்டு மென்பொருள் மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். உண்மையில் மிகுந்த வளியையெல்லாம் இழுத்தெறிய விசிறி கூடுதலான மின்சாரத்தை உண்டுகொண்டிருந்தது. வளிச்சூடாக்கிக்குப் பின்னாலிருந்து ஒட்சிசனை அளக்கும் கருவி ஒழுங்காயிருந்தால் கசிவு அன்றே வெளிப்பட்டிருக்கும். அக்கருவி பழுதுபட்டுப் பல மாதமாயிற்று; அதற்குப் பதிலாக மாறாத ஓர் எண்ணை எவரோ மென்பொருளிற் பதிந்துவைத்திருந்தனர். மென்பொருள் பொய் சொல்லவில்லை. நாம் சொல்லிக்கொடுத்த பொய்யைத் திரும்பச் சொன்னது.

அறிக்கையைத் திருத்தி மறுபடி அனுப்பவேண்டியதாயிற்று. முதலறிக்கைக்கு வந்த பாராட்டு இரண்டாவதற்கு வரவில்லையென்பதைச் சொல்லவேண்டுவதில்லை. அடுத்த நிறுத்தத்தின்போது தகடுகளை மாற்றினோம். பழுதான கருவிக்குப் புதியது வாங்கப்பட்டது. விசிறியின் மின்னோட்டத்தையும் திரையின் முதற் பக்கத்திலே, வினைத்திறனுக்கு அருகிலே, சேர்த்து வைத்தோம். பிற்றரிடம் அதைக் காட்டியபோது அவர் கண்ணாடியை மாட்டி நெடுநேரம் பார்த்து, “நல்லது, இனி நான் லீவு எடுக்கலாம்” என்றார். ஆனால் இளைப்பாறும் வரை ஒவ்வொரு நாட் காலையும் விசிறியடிக்குச் சென்று, சற்றே நின்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.