மீன் தொட்டியில் அமைதி: டுவார்ஃப் கௌராமி வளர்ப்பு

சில ஆண்டுகளுக்கு முன் என் மகனின் பிறந்தநாளுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினோம். அன்று மாலையே குழாய்த் தண்ணீரை நிரப்பி, நான்கு ஆண் டுவார்ஃப் கௌராமிகளையும் நான்கு டைகர் பார்ப் மீன்களையும் விட்டோம். நிறம் பார்த்து வாங்கினோமே தவிர, குணம் விசாரிக்கவில்லை. பத்தே நாளில் தொட்டி காலி. “தினமும் தீனி போட்டோமேப்பா, அப்புறம் ஏன் செத்துப்போச்சு?” என்று அவன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அதன்பின் படித்தும், அனுபவசாலிகளிடம் கேட்டும், மறுபடி வளர்த்துப் பார்த்தும் கற்றுக்கொண்டதைக் கொல்கத்தாவில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பாடமாகத் தருகிறேன்.

1. இது எந்த ஊர் மீன்?

கடையில் பளபளப்பதைப் பார்த்து வெளிநாட்டு மீன் என்று நினைக்கிறோம். உண்மையில் இது கங்கை, பிரம்மபுத்திரா சமவெளியின் மீன். நாம் பிழைக்க வந்த இந்த வங்க மண்ணின் குளங்களிலும் வாய்க்கால்களிலும் வாழ்வது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் ஹாமில்டன், கங்கையின் மீன்களைப் பற்றி 1822-ல் வெளியிட்ட நூலில் இதை விவரித்திருக்கிறார். நம் அண்டை வீட்டு வங்காளிகளிடம் ‘கொல்ஷே’ என்று சொல்லிப் பாருங்கள். இந்த இனத்துச் சிறு மீன்களை உடனே புரிந்துகொள்வார்கள்.

ஆண் மீனுக்குச் சிவப்பும் நீலமுமாகச் சாய்ந்த கோடுகள் உண்டு. பெண் மீன் வெள்ளி நிறம். முழு வளர்ச்சியில் ஏழு, எட்டு சென்டிமீட்டர் இருக்கும். வயிற்றடியில் நூல் போன்ற இரண்டு துடுப்புகளால் எதையும் தொட்டுத் தடவிப் பார்க்கும்.

2. மேலே வந்து மூச்சு விடுவது ஏன்?

நம் ஊர்ப் பனையேறிக் கெண்டை தண்ணீருக்கு வெளியே நெடுநேரம் உயிரோடிருப்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கௌராமியும் அதன் உறவுதான். இரண்டுக்கும் செவுளுக்கு மேலே, காற்றிலிருந்து நேராக மூச்சு எடுக்கும் மடிப்புகள் கொண்ட தனி உறுப்பு உண்டு. ஆகவே அது அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கினால் பயப்பட வேண்டாம். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு அங்குலம் இடம் விடுங்கள். மூடி அவசியம், குளிர்காலத்தில் சில்லென்ற காற்றை விழுங்காமல் அது காக்கும்.

3. முதலில் தொட்டி, பிறகு மீன்

நாங்கள் செய்த பெரிய தவறு அவசரம். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது விஷம். வடிகட்டியில் வளரும் ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷமே. வேறொரு வகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இந்தப் பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

அதுவரை மீன் இல்லாமல் வடிகட்டியை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வாருங்கள். சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார். வடிகட்டியின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். குளோரின் பட்டால் அந்தப் பாக்டீரியாக்கள் மடியும். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து அதில் அலசுங்கள்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 50 லிட்டர் நிற்கும். அதற்கு 50 வாட் ஹீட்டர் போதும். 24 முதல் 28 டிகிரி வெப்பம் நல்லது. ஜனவரி இரவுகளில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. நீரோட்டம் மெதுவாக இருக்கட்டும். பின்புறம் அடர்த்தியாகச் செடி, மேலே கொஞ்சம் மிதக்கும் செடி இருந்தால் கௌராமி தைரியமாக உலவும்.

4. யாரோடு யார்?

‘சாதுவான மீன்’ என்று கடைக்காரர்கள் சொல்வது பாதி உண்மை. மற்ற இனங்களிடம் அது சாதுதான். ஆனால் சிறு தொட்டியில் இரண்டு ஆண்கள் இருந்தால் எல்லைச் சண்டை ஓயாது. தோற்ற மீன் மூலையில் ஒடுங்கி, தீனி எடுக்காமல் மெலியும். எனவே இந்த அளவுத் தொட்டிக்கு ஓர் ஆண் போதும். பெண் கிடைத்தால் ஒன்றோ இரண்டோ சேர்க்கலாம்.

சேர்க்கத் தக்கவை: எட்டு ஹார்லெக்வின் ராஸ்போரா அல்லது எட்டு நியான் டெட்ரா. தொட்டி இன்னும் பெரிதானால், அடித்தளத்தில் ஆறு கோரிடோராஸ்.

சேர்க்கக் கூடாதவை: துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப், சண்டைக்கார ஃபைட்டர், பெரிய சிக்லிட் மீன்கள்.

5. வாங்கும்போது

நிறம் வெளுத்தது, வயிறு ஊதியது, உடம்பில் புண் உள்ளது, ஒதுங்கி நிற்பது ஆகியவற்றை வாங்காதீர்கள். இந்த இனத்தை இரிடோவைரஸ் என்ற நோய் தாக்குகிறது, அதற்கு மருந்தில்லை. கலிஃப் தெரு ஞாயிற்றுச் சந்தையில் வாங்கினாலும் வீட்டருகே வாங்கினாலும், புது மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். வளர்க்க முடியாமல் போனால் குளத்தில் விட வேண்டாம். இந்நாட்டு மீனே ஆனாலும், தொட்டி நோயை அது குளத்துக்குக் கொண்டு போகலாம்.

6. அன்றாடப் பராமரிப்பு

நாளுக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி. வாரம் ஒரு நாள் பட்டினி நல்லது. வாரந்தோறும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றும் முன் ஹீட்டரின் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். இது பெரியவர்கள் வேலை.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் வெப்ப அளவை எழுதுங்கள். பத்து நிமிடத்தில் கௌராமி எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். எந்த மீன் எந்த மட்டத்தில் நீந்துகிறது என்று படம் வரையுங்கள்.

இரண்டாம் முறை என் மகனை ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்க்க வைத்தேன். முணுமுணுத்தான், ஆனால் நோட்டில் எழுதினான். பிறகு ஒரு நாள் ஆண் கௌராமி நுரைக் குமிழிகளைச் செடித் துணுக்குகளோடு சேர்த்துக் கூடு கட்டியதை முதலில் கண்டவன் அவனே. அதிலிருந்த முட்டைகளை ராஸ்போராக்கள் தின்றுவிட்டன. குஞ்சு வேண்டுமானால் தனித் தொட்டி வேண்டும் என்பது எங்கள் அடுத்த பாடம். ஆனால் கூடு கட்டும் அளவுக்கு அந்த மீன் நம் வீட்டை நம்பியது. அவன் அன்று கேட்ட கேள்விக்குப் பதிலும் அதுதான்: தீனி போட்டால் மட்டும் போதாது, வாழ இடமும் அமைத்துத் தர வேண்டும்.