சிடியின் மேல் எழுதும் முன்

நிக்காஹ் வீடியோ, ஹஜ்ஜுக்குப் போனவர்கள் எடுத்து வந்த படங்கள், மறைந்த வாப்பாவின் குரல், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் பிரதி என்று நம் வீடுகளில் முக்கியமான பலவும் சிடியிலும் டிவிடியிலும் இருக்கின்றன. கடையில் வாங்கிய சிடி கெட்டால் இன்னொன்று வாங்கலாம். வீட்டுக் கணினியில் நாமே பதிவு செய்தது போனால் போனதுதான். பிள்ளைகள் கீறிவிடுவார்கள் என்று பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டுகிற நாம், அதன் மேல் பெயர் எழுதும்போது மட்டும் கைக்குக் கிடைத்த பேனாவை எடுத்துக்கொள்கிறோம். இந்த மாதம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் பாதுகாக்க வேண்டும், எழுதும் பக்கம் வெறும் மூடிதான் என்று பலரும் நினைக்கிறார்கள். சிடியைப் பொறுத்தவரை விஷயம் நேர் தலைகீழ். சிடியின் மொத்தக் கனம் 1.2 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அடிப்பக்கத்துத் தெளிவான பிளாஸ்டிக். அதன் மேலே சாயப் பூச்சு. நாம் பதிவு செய்வது இதில்தான். அதற்கு மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் படலம். அதையும் மூடி ஒரு வார்னிஷ் பூச்சு. அவ்வளவுதான். அந்த வார்னிஷின் மேல்தான் நாம் எழுதுகிறோம். அது தலைமுடியை விட மெல்லியது. அடிப்பக்கத்தில் விழும் சின்னக் கீறல் பிளாஸ்டிக்கோடு நின்றுவிடும். பல நேரம் டிரைவ் அதைச் சமாளித்துப் படித்துவிடும். மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதினால் அந்த அழுத்தம் நேராக உலோகப் படலத்துக்கும் சாயத்துக்கும் போகிறது. அந்த இடத்தில் பதிவு போய்விடும். எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது.

டிவிடி கொஞ்சம் மேல். 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டி, பதிவை நடுவில் வைத்துச் செய்கிறார்கள். அதனால் மேல்பக்கக் கீறலை அது தாங்கும். ஆனால் ஸ்டிக்கர் விஷயத்தில் டிவிடிதான் அதிகம் பாதிக்கப்படுகிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

எதால் எழுதலாம்? பஞ்சு போன்ற மெத்தென்ற முனை உள்ள, தண்ணீர் அடிப்படையிலான மை நிரப்பிய சிடி மார்க்கர்தான் நல்லது. எழுதுபொருள் கடையில் சிடியில் எழுத என்றே கேட்டு வாங்குங்கள். சாதாரண பெர்மனன்ட் மார்க்கர் பலவற்றில் ஆல்கஹால் கலந்த மை இருக்கிறது. தினமும் எல்லோரும் அதில்தான் எழுதுகிறார்கள், பெரும்பாலும் உடனே ஒன்றும் ஆவதில்லை. ஆனாலும் பல வருடம் வைத்திருக்க வேண்டிய சிடிக்கு அதைத் தவிர்ப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. மூக்கைத் துளைக்கும் பெயிண்ட் வாடை வரும் மார்க்கர்களை மட்டும் தொடவே வேண்டாம். அவற்றில் உள்ள சைலீன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் அந்த மெல்லிய வார்னிஷைத் தின்றுவிடும்.

எந்த மை என்று சந்தேகம் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. நடுத் துளையைச் சுற்றி, பதிவே இல்லாத தெளிவான வளையம் ஒன்று எல்லா சிடியிலும் உண்டு. அங்கே ஓர் எண் மட்டும் எழுதுங்கள்: 14 என்றோ 15 என்றோ. மீதி விவரத்தை ஒரு நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறைய சிடி வைத்திருக்கும் வீட்டுக்கு இதைவிடச் சுலபமான ஏற்பாடு இல்லை. தேடும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவும் வேண்டியதில்லை.

பிழையாக எழுதிவிட்டால் நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைக்காதீர்கள். அதில் இருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கையே மங்க வைத்துவிடும். மெதுவாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியாக எழுதுங்கள். அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும்.

இனி ஸ்டிக்கர். வட்டமாக வெட்டிய லேபிளில் மாப்பிள்ளை பெண் பெயரை அச்சடித்து ஒட்டினால் பார்க்க அழகுதான். ஆனால் டிரைவுக்குள் போனால் சிடி சும்மா இருப்பதில்லை. 52 மடங்கு வேக டிரைவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 சுற்று வரை சுழலும். லேபிள் நூலளவு ஒரு பக்கம் தள்ளியிருந்தாலும் எடை ஒருபுறமாகி ஆட்டம் காணும். டிரைவின் சூட்டில் பசை இளகும். மழைக்காலத்தில் காகிதம் ஈரம் இழுத்து, காயும்போது சுருங்கித் தகட்டை வளைக்கும். டிவிடியில் பதிவுகள் மிக நெருக்கமாக இருப்பதால் இந்தச் சின்ன வளைவே போதும், படம் பாதியில் நின்றுவிடும். பள்ளி நோட்டுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டை ஒரு ஓரத்தில் ஒட்டுவது இன்னும் மோசம். காரில் இருக்கும் பிளேயரில் லேபிள் கழன்று சிக்கினால் சிடியோடு பிளேயரும் போய்விடும்.

ஏற்கனவே ஒட்டியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு உடனே உரிக்கப் போகாதீர்கள்! பசையோடு உலோகப் படலமும் பெயர்ந்து வரும். அந்த நொடியில் பதிவு முடிந்தது. லேபிள் அப்படியே இருக்கட்டும். அது ஓடும்போதே கணினியில் நகல் எடுத்து, இன்னொரு சிடியிலோ பென் டிரைவிலோ போட்டுவிடுங்கள். லேபிள் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் டிரைவில் போடாமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அழகும் வேண்டும் என்றால், மேல்பக்கம் வெள்ளையாக வரும் பிரிண்டபிள் சிடி கிடைக்கிறது. அதற்குரிய தட்டு உள்ள இங்க்ஜெட் பிரிண்டரில் நேரடியாக அச்சடிக்கலாம், பசையே இல்லை. அதுவும் முடியாவிட்டால் படம், பூ வேலை எல்லாவற்றையும் சிடியின் கவரில் அச்சடித்து வையுங்கள்.

என்ன எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். "கல்யாணம்" என்று மட்டும் எழுதிய சிடி மூன்று இருந்தால் எது யாருடையது? யாருடையது, என்ன நிகழ்ச்சி, எந்த நாள், எத்தனையில் எத்தனையாவது சிடி, இந்த நான்கும் போதும். தேதியில் வருடத்தை முழுதாக எழுதுங்கள். 05-06-07 என்றிருந்தால் பேரப்பிள்ளைகளுக்குப் புரியாது. ஹிஜ்ரித் தேதி எழுதுபவர்கள் ஆங்கிலத் தேதியையும் சேர்த்துவிடுங்கள்.

எழுதும்போது சிடியை மெத்தென்ற துணியின் மேல் வைத்து, அழுத்தாமல் எழுதுங்கள். மை நன்றாகக் காய்ந்த பிறகே கவரில் போடுங்கள். கவரை வெயில் படும் ஜன்னலோரத்தில் வைக்க வேண்டாம், சாயப் பூச்சு வெளிச்சத்தில் மங்கிவிடும். ஆஸ்பத்திரியில் தரும் ஸ்கேன் சிடிக்கும் இதே கவனம்தான்: நோயாளியின் பெயரையும் தேதியையும் கவரின் மேல் எழுதி, மருத்துவக் கோப்புக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.