டைஎதிலீன் கிளைக்கோல்: இயல்புகளும் பயன்களும்

க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம்
அலகு: கலவைகள்



கரைப்பானுக்கு உதாரணம் கேட்டால் நீர், எதனோல் என்று உடனே எழுதிவிடுவீர்கள். கைத்தொழிலில் பயன்படும் கரைப்பான்கள் இன்னும் பல உள. அவற்றுள் ஒன்று டைஎதிலீன் கிளைக்கோல். இதனைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். ஒரு பொருளின் பயனைத் தீர்மானிப்பது அதன் இயல்பே. அதன் ஆபத்தைத் தீர்மானிப்பதும் அதே இயல்புதான்.

அமைப்பு

மூலக்கூற்றுச் சூத்திரம்: C₄H₁₀O₃
சார் மூலக்கூற்றுத் திணிவு: (12 × 4) + (1 × 10) + (16 × 3) = 106

மூலக்கூறின் இரு முனைகளிலும் –OH கூட்டம் ஒவ்வொன்று உண்டு. இவை நீர் மூலக்கூறுகளுடன் ஐதரசன் பிணைப்புகளை ஆக்குகின்றன. எனவே இது நீருடன் எந்த விகிதத்திலும் கலந்து ஏகவினக் கலவையைத் தரும்.

இயல்புகளும் அவற்றுக்கேற்ற பயன்களும்

1. பல சேதனப் பொருள்களைக் கரைக்கும். எனவே சாயங்களுக்கும் அச்சு மைகளுக்கும் கரைப்பானாகிறது.

2. கொதிநிலை உயர்வு (ஏறத்தாழ 245 °C). எனவே சில பிறேக் ஒயில் வகைகளில் சேர்க்கப்படுகிறது. பிறேக் பிடிக்கும்போது உண்டாகும் வெப்பத்தில் அது இலகுவில் கொதிக்காது.

3. நீராவியை உறிஞ்சும். எனவே இயற்கை வாயுவிலிருந்து ஈரத்தை நீக்க உதவுகிறது. பிறேக் ஒயிலைக் குறித்த காலத்தில் மாற்றச் சொல்வதற்கும் இதுவே காரணம். கிளைக்கோல் வகைப் பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை குறையும். உழவு இயந்திரம் திருத்தும் கராச்சில் கேட்டுப் பாருங்கள்.

4. நெகிழ்வூட்டியாகத் தொழிற்படும். பசை, கடதாசி, தக்கை போன்றவற்றின் நீண்ட மூலக்கூறுகளுக்கிடையே புகுந்து, அவை ஒன்றன்மீது ஒன்று வழுக்க இடமளிக்கும். இதனால் அப்பொருள் காய்ந்து வெடிக்காமல் வளைந்து கொடுக்கும்.

5. நீருடன் கலக்கும்போது நீரின் உறைநிலையைத் தாழ்த்தும். குளிர் நாடுகளில் வாகனங்களின் குளிராக்கும் நீர் உறையாதிருக்க இவ்வியல்பு உதவும்.

ஆபத்து

இது நிறமற்றது, மணமற்றது, இனிப்பானது, சற்றுத் தடித்த திரவம். கிளிசரீனும் அப்படித்தான். கண்ணாலும் நாக்காலும் இரண்டையும் வேறுபடுத்த முடியாது. பாணிமருந்துகளில் கிளிசரீன், புரொப்பிலீன் கிளைக்கோல் ஆகியன கரைப்பான்களாகச் சேர்க்கப்படுவதுண்டு. அவற்றினிடத்தில் மலிவான டைஎதிலீன் கிளைக்கோல் வந்துவிட்டால் மருந்தே நஞ்சாகும். உடலில் நொதியங்கள் இதனை அமிலங்களாக மாற்ற, அவை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.

1937 இல் ஐக்கிய அமெரிக்காவில் இதில் கரைத்து விற்கப்பட்ட ஒரு மருந்தினால் 100 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1972 இல் சென்னையிலும், 2022 இல் காம்பியாவிலும் நஞ்சு கலந்த பாணிமருந்தினால் குழந்தைகள் இறந்தனர். 2025 இல் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்ட ‘கோல்ட்ரிஃப்’ என்ற இருமல் பாணியைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் 20 இற்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். அதன் ஒரு தொகுதியில் 48.6% (திணிவு/கனவளவு) டைஎதிலீன் கிளைக்கோல் இருந்ததைத் தமிழ்நாட்டு அரச ஆய்வுகூடம் கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1% மட்டுமே.

மாதிரி வினாக்கள்

வினா 1: மேற்குறித்த தொகுதியின் 60 மி.லீ. பாணியில் எத்தனை கிராம் டைஎதிலீன் கிளைக்கோல் இருக்கும்? அது எல்லையைப் போல் எத்தனை மடங்கு?

விடை: 100 மி.லீ. இல் 48.6 கிராம். ஆகவே 60 மி.லீ. இல் 48.6 × 60 ÷ 100 = 29.16 கிராம். எல்லை 0.1 × 60 ÷ 100 = 0.06 கிராம். 29.16 ÷ 0.06 = 486 மடங்கு.

வினா 2: அப்பாணியைக் கொதிக்க வைத்தால் நஞ்சு நீங்குமா?

விடை: நீங்காது. நீர் 100 °C இல் கொதித்து ஆவியாகும். கொதிநிலை கூடிய டைஎதிலீன் கிளைக்கோல் எஞ்சி, அதன் செறிவு மேலும் கூடும்.

வினா 3: இதனை எவ்வாறு கண்டறியலாம்?

விடை: ஆய்வுகூடத்தில் நிறப்பகுப்பியல் முறையினால். சுவைத்துப் பார்ப்பது சோதனையாகாது.

நினைவிற் கொள்க

பிறேக் ஒயிலைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தயாரித்தவர் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி இல்லாத பாணியை வாங்காதீர்கள். பாணி குடித்த தம்பிக்கோ தங்கைக்கோ வாந்தி எடுத்து, சிறுநீர் போவது குறைந்தால், அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வீட்டில் போத்தலின் மேலுள்ள எழுத்தை வாசித்துச் சொல்லக்கூடியவர் பல வேளைகளில் நீங்கள்தான். பரீட்சைக்காகப் படித்தது அன்றும் உதவட்டும்.