சந்தைக்குச் செல்லும் புரவி

நுழையும்முன்
லாயம், சேணம், கடிவாளம், லாடம், சுழி ஆகிய சொற்களை இன்று அகராதியில் தேடுவோரே மிகுதி. எனினும், ஆண்டுக்கு ஒருமுறை கொங்குநாட்டுச் சந்தையொன்றில் அவை பேச்சுவழக்காக ஒலிக்கின்றன. அச்சந்தைக்கு ஒரு குதிரை எவ்வாறு அணியமாகிறது என்பதைக் கூறுகிறது இப்பாடம்.

சேலம் மாவட்டத்தின் ஆட்டையாம்பட்டியிலிருந்து திருச்செங்கோடு சென்று, காவிரியைக் கடந்து, பவானி வழியே வடமேற்கு நோக்கிப் போனால் அந்தியூரை அடையலாம். அதனை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவையொட்டிக் கால்நடைச் சந்தை கூடுகிறது. பர்கூர் மலைமாடுகளும் காங்கேயம் காளைகளும் ஒருபுறம் நிற்க, மறுபுறம் குதிரைகள் அணிவகுக்கின்றன. காதுகளின் நுனி உட்புறமாக வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரி, காத்தியவாரி இனங்களைக் காணவே மக்கள் திரளுகின்றனர். திப்பு சுல்தான் காலத்தில் இச்சந்தை தொடங்கியது என்பது வழிவழியாக வரும் செய்தி.

சந்தையில் கண்ணைக் கவர்வது குதிரையின் மினுமினுப்பு. அது எண்ணெய் தடவியதால் வந்ததா, உடல்நலத்தால் வந்ததா என்பதே வாங்குபவர் அறியவேண்டிய செய்தி. குதிரையின் தோலிலுள்ள நுண்சுரப்பிகள் இயற்கையான நெய்ப்பசையைச் சுரக்கின்றன. நல்ல தீவனமும் நாள்தோறும் தேய்த்துவிடுதலும் அப்பசையை ஒவ்வொரு மயிரின் நுனிவரை கொண்டுசெல்கின்றன. இது ஒரு வாரத்தில் கைகூடுவதன்று. ஆடிச் சந்தையில் ஒளிரவேண்டிய குதிரைக்குச் சித்திரையிலேயே பணி தொடங்கவேண்டும்.

தீவனத்தில் அவசரம் கூடாது. கொள்ளு குதிரைக்கு உகந்தது. ஆங்கிலத்திலும் அப்பயறு குதிரையின் பெயரைத் தாங்கியே வழங்குகிறது. ஆனால், புல்லும் தட்டையுமே அடிப்படை உணவு. குதிரையின் இரைப்பை உடலளவை நோக்கச் சிறியது. மேலும், அதனால் வாந்தியெடுக்க இயலாது. சந்தைக்கு முன் உடல் பருக்கவேண்டுமெனத் திடீரெனத் தானியத்தை மிகுதியாகக் கொடுத்தால், வயிற்றுவலி கண்டு குதிரை இறக்கவும் கூடும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல்வழியே வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கான குதிரைகளுள் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்று எழுதினார். பேணத் தெரிந்தோர் இல்லாமையே அவர் கூறிய காரணம். கணக்கில் மிகை இருக்கலாம். காரணத்தில் உண்மை இல்லாமற் போகாது.

தெரிந்து தெளிவோம்
குதிரையைக் குறிக்கும் சொற்களுள் சில: பரி, புரவி, மா, இவுளி, கலிமா.

தேய்த்துவிடுதலுக்கு ஒரு முறை உண்டு. பேணுபவர் குதிரையின் இடத்தோள் பக்கமாகக் குரல்கொடுத்தபடியே நெருங்குவார். பின்னங்கால்களுக்கு நேர்பின்னே நிற்கமாட்டார். முதலில் பல்வரிசை கொண்ட ரப்பர்ச் சீப்பால் வட்டமாகத் தேய்த்து, ஒட்டிய மண்ணையும் உதிர்மயிரையும் மேலெழுப்புவார். அடுத்து, கடினத் தூரிகையால் அவற்றைத் தட்டி வெளியேற்றுவார். இறுதியில் மென்தூரிகையை மயிர் படிந்த திசையிலேயே அழுத்தி இழுப்பார். எலும்பு துருத்தும் முழங்காலிலும் முகத்திலும் கடினக் கருவிகள் படலாகாது. கண்களையும் மூக்கையும் தனித்தனி ஈரத்துணியால் துடைத்தல் நன்று. ஒரு கை தூரிகையை இழுக்க, மறு கை உடலைத் தடவிக்கொண்டேயிருக்கும். சேணம் உரசிய புண், மயிரடியில் மறைந்த உண்ணி, காலில் புதிதாகக் கண்ட சூடு ஆகியவற்றை அந்தக் கையே முதலில் அறிகிறது. இவ்வேலையைக் கூலிக்குச் செய்பவரைச் சிறுமையாக எண்ணுவோர் உளர். மருத்துவர் வருமுன் நோயைக் காண்பவர் அவரே.

அடிக்கடி சோப்பிட்டுக் குளிப்பாட்டினால் நெய்ப்பசை நீங்கி மயிர் வறண்டுவிடும். நாள்தோறும் வியர்வையை வெறும் நீரால் அலசுவதே போதும்.

பிடரி மயிரையும் வாலையும் சிக்கெடுக்கும்போது நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்லவேண்டும். அறுந்த வால்மயிர் மீண்டும் முழுநீளம் வளர நெடுங்காலமாகும். ஈயோட்டக் குதிரைக்கு வாலே முதன்மைக் கருவி. அழகு கருதி வாயைச் சுற்றியுள்ள நீண்ட மயிர்களை மழிக்கும் வழக்கமும் உண்டு. அவை தொட்டுணரும் உறுப்புகள். முகத்தருகே உள்ள பொருளைக் குதிரை அவற்றால்தான் அறிகிறது. உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, அவ்வாறு மழிக்கப்பட்ட குதிரைகளைத் தன் போட்டிகளில் 2021 ஜூலை முதல் அனுமதிப்பதில்லை. நம் சந்தைகளிலும் இதனைப் பின்பற்றினால் நன்றாயிருக்கும்.

குளம்பு தனிக் கவனத்துக்குரியது. அதன் அடிப்பள்ளத்தில் சேரும் இலத்தியையும் கல்லையும் குதிகாலிலிருந்து முன்னுனி நோக்கி நாள்தோறும் அகற்றவேண்டும். நடுவிலுள்ள முக்கோண வடிவ மென்பகுதியைக் குத்திவிடலாகாது. நாறும் கருங்கசிவு அங்கே கண்டால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். குளம்பு மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை அதனைச் சீவி லாடம் மாற்றவேண்டும். சந்தைக்கு முந்தைய நாளில் லாடமடிப்பது அறிவுடைமையன்று. ஆணி பிசகியிருந்தால் குதிரை சந்தையிலேயே நொண்டும். கருமைப் பூச்சால் வெடிப்பை மறைப்பதோ வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

வாங்குவோரும் எளிதில் ஏமாறுவதில்லை. பலர் முதலில் சுழி பார்க்கின்றனர். குறிப்பிட்ட இடத்துச் சுழி நன்மை தரும், வேறிடத்துச் சுழி கேடு தரும் என்பது நம்பிக்கை; அதற்கு அறிவியல் சான்றில்லை. ஆயினும், ஒவ்வொரு குதிரைக்கும் சுழிகளின் அமைப்பு வேறுபடுவதால், பல நாடுகளில் குதிரையின் அடையாளச் சான்றில் அவற்றைக் குறிக்கின்றனர். சுழிக்குப் பின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கின்றனர். தேர்ந்தவர் உள்ளங்கையை மயிரின் எதிர்த்திசையில் ஒருமுறை ஓட்டுகிறார். தடவிய எண்ணெயானால் கையில் பிசுக்கு ஒட்டும்; தேய்த்துப் பேணிய மயிரானால் கை உலர்ந்தே வரும். அடுத்து நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்து, குதிரையைக் கடினத் தரையில் நடத்திக் காட்டச் சொல்கிறார். அதன்பின்னரே துண்டுக்கடியில் விரல்கள் விலைபேசத் தொடங்குகின்றன.