காந்தம் ஒட்டேல்ல, அப்ப பித்தளையா?



போன எபிசோடுக்குப் பிறகு பார்ம்பெக்கிலிருந்து ஒரு நேயர் எழுதியிருந்தா. தங்கச்சியின் கலியாணத்துக்கு, பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் 180 யூரோவுக்கு இரண்டடிக் குத்துவிளக்கு வாங்கியிருக்கிறா. பிடிக்காவிட்டால் மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். "காந்தம் ஒட்டேல்ல, தூக்கினா நல்ல பாரம். அப்ப மெஸ்ஸிங் தானே?" என்பதுதான் கேள்வி.

இந்த இரண்டு சோதனையும் போதாது. ஏன் எண்டு பாப்பம்.

முதலில் பாரம். ஒரு லீற்றர் பால் பெட்டியை நினையுங்கோ. பால் இருந்தால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல. அதே பெட்டி நிறைய அலுமினியம் என்றால் 2.7 கிலோ. நாகம், அதாவது டொச்சில சிங்க், 7.1 கிலோ. இரும்பு 7.9. பித்தளை பெரும்பாலும் 8.4இலிருந்து 8.7 வரை, செம்பு கூடக் கூட எண்ணும் கூடும். தனிச் செம்பு கிட்டத்தட்ட 9, ஈயம் 11.3, தங்கம் 19.3. இதைத்தான் பள்ளிக்கூடத்தில டிஷ்டெ எண்டு படிச்சிருப்பீங்கள். தமிழில் அடர்த்தி: ஒரு கன சென்ரிமீற்றருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு.

அலுமினியத்தைக் கை உடனே கண்டுபிடிச்சிடும். ஆனால் இரும்புக்கும் பித்தளைக்கும் இடையில் ஏழெட்டு வீதம்தான் வித்தியாசம். அதிலும் விளக்கின் தண்டு உள்ளே கோறையா, பாதம் எவ்வளவு தடிப்பு என்று ஒன்றும் தெரியாமல் தூக்கிப் பார்த்து என்ன சொல்ல முடியும்? "நல்ல பாரம்" என்றால் நிறைய உலோகம் இருக்கு என்று அர்த்தம். என்ன உலோகம் என்று அது சொல்லாது.

காந்தம் இரும்பை மட்டும்தான் வெளியே தள்ளும். அலுமினியத்திலும் ஒட்டாது, ஈயத்திலும் ஒட்டாது, நாகத்திலும் ஒட்டாது. கவனிக்க வேண்டிய ஆள் இந்த நாகம்தான். சமக் என்று ஒரு கலப்புலோகம் இருக்கு. சிங்க், அலுமினியம், மக்னேசியம், குப்ஃபர் என்ற டொச் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். லேசா உருகும், அச்சில் வார்க்க மலிவு. கதவுப் பிடி, விளையாட்டுக் கார், அலங்காரச் சாமான் எல்லாம் அதில் வரும். மேலே பித்தளை நிறத்தில் மெல்லிய பூச்சு. புதுசில வித்தியாசம் தெரியாது. நாலைந்து தரம் புளி போட்டு மினுக்கினால் கீழே சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும்.

அளப்பதற்குச் சமையலறை டிஜிட்டல் தராசும் நூலும் காணும். குத்துவிளக்கு பொதுவாகப் பகுதி பகுதியாக வார்த்துப் புரியாணியால் பூட்டுறது. கும்பகோணத்துக்குப் பக்கத்து நாச்சியார்கோவில் விளக்குகளும் அப்படித்தான். அதனால் கழற்றித் தனித்தனியாக அளவுங்கோ. முழு விளக்கையும் வாளிக்குள் இறக்க நினைக்காதீங்க: வீட்டுத் தராசுகள் பல ஐந்து கிலோவோடு நின்றுவிடும், தண்ணி வாளியே அதைத் தாண்டிவிடும்.

பகுதியை முதலில் காய்ந்தபடி நிறுத்துக் குறிச்சு வையுங்கோ. பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணி விட்டுத் தராசில் வைத்து, தாரா பொத்தானை அமத்துங்கோ, பூச்சியம் காட்டும். பகுதியை நூலில் கட்டித் தண்ணிக்குள் முழுசாக இறக்குங்கோ. அடியிலோ பக்கத்திலோ முட்டக் கூடாது, குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்ப தராசு காட்டுற கிராம்தான் அந்தப் பகுதி விலத்திய தண்ணியின் திணிவு. தண்ணி ஒரு கிராம் ஒரு கன சென்ரிமீற்றர் என்பதால் கனவளவும் அதே எண். முதல் எண்ணை இரண்டாவதால் பிரித்தால் அடர்த்தி.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கட அம்மம்மாவின் விளக்கில் அன்னத்தை மட்டும் கழற்றிப் பார்த்தேன். 412 கிராம், தண்ணிக்குள் 49. பிரித்தால் 8.41. தராசு ஒரு கிராம் பிழைத்தாலும் 8.24க்கும் 8.58க்கும் இடையில்தான் நிற்கும். இரும்பும் இல்லை, நாகமும் இல்லை. ஆனால் 85 கிராம் சின்ன மணியில் இதைச் செய்தால் தண்ணி எண் 10தான் வரும். ஒரு கிராம் பிழையில் விடை 7.7இலிருந்து 9.4 வரை ஓடும். பெரிய துண்டாக எடுங்கோ.

இங்கே கணக்குப் பிரியர்களுக்கு ஒன்று. 63 பங்கு செம்பு, 37 பங்கு நாகம் சேர்ந்த சாதாரண பித்தளைக்கு இரண்டின் கனவளவையும் கூட்டிப் பார்த்தால் 8.19தான் வரும். உண்மையில் அது 8.44. கலந்த பிறகு கனவளவு சுருங்குது! நாகம் தனியே இருக்கும்போது அதன் அணு அடுக்குகள் ஒன்றுக்கொன்று விலகியே நிற்கும். இறுக்கமாக அடுக்கிய உருண்டைகளுக்கு உயர அகல விகிதம் 1.63 இருக்க வேண்டும், நாகத்தில் அது 1.86. செம்பின் இறுக்கமான அடுக்குக்குள் நுழைந்த நாக அணுவுக்கு அந்தச் சொகுசு கிடையாது. எனக்கு இந்தப் பாடத்தில் ஆகப் பிடித்த இடம் இதுதான்.

செம்பு எங்கட ஊர்ச் சாமான் என்பதும் ஞாபகமிருக்கட்டும். ஃபெடல் பக்கம் பொய்ட்டெயில் இருக்கிற அவுரூபிஸ், 1866இல் நோர்ட்டொய்ச்ச அஃபினரி என்று தொடங்கினது. அங்கே செம்பு செய்யும்போது வருகிற வெப்பம் 2018இலிருந்து ஹாஃபன்சிற்றியின் கிழக்குப் பகுதி வீடுகளைச் சூடாக்குது.

நேயரின் விளக்கு? தண்டு 561 கிராம், தண்ணிக்குள் 84: 6.68. உள்ளே காற்று அடைபட்டிருந்தாலும் எண் குறையும், அதனால் கோறையில்லாத தட்டையும் அளக்கச் சொன்னேன். 334க்கு 50, திரும்பவும் 6.68. சமக்கின் அடர்த்தி 6.6, 6.7. இரண்டாம் நாளே திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிவிட்டா.

இந்த முறைக்கும் ஒரு எல்லை உண்டு. வெண்கலம் 8.7, 8.8 அளவில் நிற்கும். செம்பு கூடிய பித்தளையும் அங்கேதான் வரும். அந்த இரண்டையும் சமையலறைத் தராசு பிரிக்காது. பெயரை நம்பவும் ஏலாது: ஹம்பேர்க் 2022 டிசம்பரில் 179 பெனின் பொருட்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. உலகமே "பெனின் வெண்கலங்கள்" என்று சொல்கிற அவற்றில் பல உண்மையில் பித்தளை. தங்கத்தில் இன்னும் மோசம். வொல்ஃப்ராமின் அடர்த்தி 19.25, தங்கத்துக்கு 19.3. தாலிக்கொடியை இப்படி அளந்துவிட்டு நிம்மதியாக இருக்காதீங்க.

அளந்து முடிய புரிகளை நல்லாத் துடைத்துக் காயவிட்டுப் பூட்டுங்கோ, ஈரத்தோடு பூட்டினால் பச்சை பிடிக்கும். எண்களை எங்களுக்கு அனுப்புங்கோ, அடுத்த எபிசோடில் வாசிக்கிறம்.