உப்பைக் குறைத்தால் சுவை குறையுமா?

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நாம் அனைவரும் கேட்டுப் பழகிய பழமொழி. உப்பு உணவுக்குச் சுவையூட்டுகிறது. நம் உடலுக்கும் அது ஓரளவு தேவைப்படுகிறது. ஆயினும், இப்பழமொழியை நம் சமையலறைகள் அளவுக்கு மீறி நம்பிவிட்டன. குழம்பு சப்பென்று இருந்தால் இன்னும் கொஞ்சம் உப்பு, பொரியல் எடுபடவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் எண்ணெய், தேநீர் பிடிக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சீனி என்று இம்மூன்றையே மீண்டும் மீண்டும் நாடுகிறோம். இவற்றைக் குறைக்கும்படி மருத்துவர் அறிவுறுத்தினால், "இனிமேல் பத்தியச் சாப்பாடுதானா?" என்று முகம் வாடுகிறோம்.

இந்தப் பழக்கத்திற்கு நாம் கொடுக்கும் விலை சிறியதன்று. 2023ஆம் ஆண்டு மலேசியாவில் நடத்தப்பட்ட தேசிய உடல்நல ஆய்வின்படி, நாட்டிலுள்ள பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் உள்ளது. அதாவது, ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் அந்நோயுடன் வாழ்கிறார். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் 29.2 விழுக்காட்டினர். இந்நோய்களுக்கு உணவு மட்டுமே காரணம் அன்று. பரம்பரை, வயது, உடலுழைப்பின்மை ஆகியவையும் காரணங்களாக அமைகின்றன. ஆனால், பரம்பரையையும் வயதையும் நம்மால் மாற்ற இயலாது. தட்டில் வைக்கும் உணவை மாற்ற இயலும். பெரியவர் ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவே ஆகும்.

அப்படியானால், உப்பையும் எண்ணெயையும் குறைத்துவிட்டுச் சுவையற்ற உணவைத்தான் உண்ண வேண்டுமா? வேண்டியதில்லை. சுவைக்கு வேறு பல வழிகள் உள்ளன. உலக மக்கள் தத்தம் அடுப்படிகளில் அவற்றை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர்.

நம் குழம்பும் உலகச் சமையலே

பிற நாட்டுச் சுவைகளை வீட்டுச் சமையலில் சேர்ப்பது நமக்குப் புதிதன்று. மிளகாய் இல்லாத குழம்பையோ தக்காளி இல்லாத இரசத்தையோ இன்று நம்மால் எண்ணிப் பார்க்க முடிவதில்லை. ஆனால் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. கொலம்பஸ் 1492ஆம் ஆண்டில் மேற்கொண்ட கடற்பயணத்திற்குப் பிறகே அவை உலகின் பிற பகுதிகளுக்குப் பரவின. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக மிளகாய் இந்தியாவை அடைந்தது. 

அதற்கு முன்னர்த் தமிழர் உணவுக்குக் காரம் தந்தது மிளகே. சங்க இலக்கியங்களில் 'கறி' என்னும் சொல் மிளகைக் குறிக்கிறது. யவனர்களின் மரக்கலங்கள் பொன்னோடு முசிறித் துறைக்கு வந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூறு கூறுகிறது. பின்னாளில் வந்து சேர்ந்த புதிய காய், மிளகைப் போல் உறைத்ததால் 'மிளகாய்' என்று பெயர் பெற்றது. வந்தது வெளிநாட்டுக் காய். வைத்ததோ தமிழ்ப் பெயர்! அயல்நாட்டுப் பொருளை நம் நாக்கிற்கும் அடுப்பிற்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும் திறன் நம் முன்னோருக்கு இருந்தது என்பதை இஃது உணர்த்துகிறது.

சுவைக்கு நான்கு வழிகள்

முதல் வழி புளிப்பு. உணவில் சிறிது புளிப்பு சேரும்போது, குறைந்த உப்பே நாவுக்கு நிறைவாகத் தெரிகிறது. தாய்லாந்தின் தோம்யாம் சூப்பில் எலுமிச்சைச் சாறு, பிலிப்பைன்ஸின் அடோபோவில் காடி, மலாய்க்காரர்களின் அசாம் பெடாசில் புளி, கிரேக்கர்களின் சுட்ட மீனில் எலுமிச்சை என ஒவ்வொரு நாட்டாரும் தமக்குக் கிடைத்த புளிப்பைப் பயன்படுத்துகின்றனர். உப்புப் போதவில்லை என்று தோன்றும்போது, உப்புச் சாடியைத் திறப்பதற்கு முன் சில துளி எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து சுவைத்துப் பார்க்கலாம். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிந்தால் அதன் மணமும் மாறாமல் இருக்கும்.

இரண்டாம் வழி மணம். சளி பிடித்திருக்கும்போது உணவு சுவைப்பதில்லை அல்லவா? நாம் சுவை என்று கருதுவதில் பெரும்பகுதி மூக்கின் வழியாக உணரப்படுவதே இதற்குக் காரணம். கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, இஞ்சி, பூண்டு ஆகியவை நமக்கு அறிமுகமானவை. இவற்றோடு நம் நாட்டுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் செராய், லெங்குவாஸ், எலுமிச்சை இலை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு தண்டு செராயை நசுக்கிப் போட்டுக் கொதிக்கவைத்த காய்கறிச் சூப்புக்கு உப்பு அதிகம் தேவைப்படாது.

மூன்றாம் வழி 'உமாமி'. இஃது ஒரு ஜப்பானியச் சொல். கடற்பாசியில் கொதிக்கவைத்த சாறு ஏன் இவ்வளவு சுவையாக இருக்கிறது என்னும் கேள்விக்கு விடை தேடினார் ஜப்பானிய அறிவியலாளர் கிகுனே இகேடா. 1908ஆம் ஆண்டில் அச்சுவைக்குக் காரணமான குளுட்டமேட் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றோடு ஐந்தாவது அடிப்படைச் சுவையாக இன்று இதனை அறிவியல் உலகம் ஏற்றுக்கொள்கிறது. பழுத்த தக்காளி, காளான் ஆகியவற்றிலும் இச்சுவை உண்டு. தக்காளியை நன்கு குழைய வதக்கும்போது அதன் சுவை செறிகிறது. நம் வீட்டு இரசம் நாவில் நிற்பதற்கும் தக்காளி ஒரு காரணமாகும்.

நான்காம் வழி, சமைக்கும் முறை. வெங்காயம் பொன்னிறமாக வதங்கும்போதும் சப்பாத்தி கல்லில் பழுப்பேறும்போதும் எழும் மணத்தை நாம் அறிவோம். உணவிலுள்ள சர்க்கரையும் புரதக்கூறுகளும் வெப்பத்தில் வினைபுரிவதால் அம்மணம் பிறக்கிறது. இதனை 1912ஆம் ஆண்டில் விளக்கிய பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமில் மயார் என்பவரின் பெயராலேயே அவ்வினை அழைக்கப்படுகிறது. சீரகத்தையும் எள்ளையும் எண்ணெயின்றி வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்தாலே போதும். உணவின் சுவை கூடும். நீராவியில் வேகவைப்பதும் சிறந்த முறையே. நம் இட்லியும் சீனர்களின் இஞ்சி சேர்த்த மீனும் ஆவியில் வெந்தே சுவை பெறுகின்றன. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உள்ளது என்பதை நினைவில் கொண்டால், ஆவியில் அவிப்பதன் பயன் விளங்கும்.

ஒரே பொருள், பல பெயர்கள்

உலகச் சமையல் என்றதும் விலையுயர்ந்த பொருள்களும் கடினமான செய்முறைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில், பல நாட்டு எளிய உணவுகள் நம் உணவுகளுக்கு உறவினர்களே. தயிரில் வெள்ளரிக்காயைத் துருவிப் போட்டு நாம் பச்சடி செய்கிறோம். அதே தயிரையும் வெள்ளரியையும் பூண்டோடும் ஆலிவ் எண்ணெயோடும் கலந்து கிரேக்கர்கள் 'சட்சிக்கி' என்கின்றனர். துருக்கியர்கள் அதனை 'ஜஜிக்' என்பர். நாம் சுண்டலாக உண்ணும் கொண்டைக்கடலையை அரபு நாட்டு மக்கள் எள் விழுதுடன் அரைத்து 'ஹும்முஸ்' ஆக்குகின்றனர்.

ஊட்டச்சத்திலும் இவ்வுறவைக் காணலாம். அரிசியில் குறைவாக உள்ள ஒருவகைப் புரதக்கூறு பருப்பில் மிகுதியாக உள்ளது. பருப்பில் குறைவாக உள்ள மற்றொன்று அரிசியில் உள்ளது. எனவே பொங்கலிலும் இட்லியிலும் இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. மெக்சிகோ மக்கள் சோளத்தட்டையுடன் அவரை விதைகளைச் சேர்த்து உண்பதும் இதே பயனைத் தருகிறது. கடல்கள் பிரித்த இரு மக்கள் கூட்டத்தினர், ஒருவரை ஒருவர் அறியாமலேயே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர்!

நம் அண்டை வீட்டாரிடமும் கற்க வேண்டியவை உண்டு. மலாய்க்காரர்கள் சோற்றுடன் பச்சையாக உண்ணும் 'உலாம்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் இடம்பெறும் 'பெகாகா' வேறொன்றுமன்று. நாம் துவையல் அரைக்கும் வல்லாரைக் கீரையே அது.

கவனம் தேவை

அயல்நாட்டுச் சுவைகள் அனைத்தும் உடலுக்கு உகந்தவை என்று கருதிவிடக்கூடாது. ஒரு மேசைக்கரண்டி சோயா சாற்றில் 2 கிராமுக்கும் மேற்பட்ட உப்பு உள்ளது. இஃது ஒரு நாளைய அளவில் ஏறக்குறைய பாதி! ஜப்பானியரின் மீசோ, தாய்லாந்தின் மீன் சாறு, நம் நாட்டின் பெலாச்சான் ஆகியவற்றிலும் உப்பு அதிகம். இவற்றைச் சேர்க்கும்போது தனியாக உப்புப் போடுவதைத் தவிர்க்க வேண்டும். ஆலிவ் எண்ணெய் நல்லது என்பதற்காகத் தாராளமாக ஊற்றுவதும் தவறு, அதுவும் எண்ணெயே. பொட்டலங்களில் அச்சிடப்பட்டுள்ள சோடியம், சர்க்கரை ஆகியவற்றின் அளவைப் படித்துப் பார்த்து வாங்குவது நல்ல பழக்கமாகும்.

செய்து பார்ப்போம்: கொண்டைக்கடலைக் கலவை

நம் சுண்டலும் மத்தியதரைக் கடற்பகுதியின் சுவையும் சேர்ந்த எளிய உணவு இது. நால்வர் உண்ணலாம்.

தேவையான பொருள்கள்:
- கொண்டைக்கடலை – 1 கிண்ணம்
- வெள்ளரிக்காய் – 1
- தக்காளி – 2
- பெரிய வெங்காயம் – 1
- புதினா, கொத்தமல்லி – தலா ஒரு கைப்பிடி
- எலுமிச்சைச் சாறு – 2 மேசைக்கரண்டி
- ஆலிவ் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் – 1 மேசைக்கரண்டி
- வறுத்துப் பொடித்த சீரகம் – 1 தேக்கரண்டி
- மிளகுத்தூள் – ½ தேக்கரண்டி
- உப்பு – ½ தேக்கரண்டி

செய்முறை:
1. கொண்டைக்கடலையைக் கழுவி, முதல்நாள் இரவே நிறைய நீரில் ஊறவைக்கவும்.
2. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீர் ஊற்றிக் குக்கரில் மென்மையாக வேகவைக்கவும். நீரை வடித்து ஆறவிடவும்.
3. வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம் ஆகியவற்றைக் கடலை அளவுக்குச் சிறு துண்டுகளாக நறுக்கவும். கீரைகளைப் பொடியாக நறுக்கவும்.
4. எலுமிச்சைச் சாறு, எண்ணெய், சீரகப்பொடி, மிளகுத்தூள், உப்பு ஆகியவற்றை ஒரு கிண்ணத்தில் நன்கு கலக்கவும்.
5. எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துக் கிளறி, பத்து நிமிடம் வைத்திருந்து பரிமாறவும்.

டின்னில் அடைத்த கடலையைப் பயன்படுத்தினால், அதிலுள்ள நீரை வடித்துவிட்டு நன்கு கழுவ வேண்டும். இதனால் உப்பின் அளவு குறையும். இக்கலவையில் ஒருவருக்குச் சேரும் உப்பு ஒரு கிராமுக்கும் குறைவே. புளிப்பும் புதினாவின் மணமும் சீரகத்தின் வறுபட்ட வாசமும் அக்குறையைத் தெரியவிடுவதில்லை.

தட்டும் பொறுப்பும்

எவ்வளவு உண்பது என்பதற்கு மலேசியச் சுகாதார அமைச்சு எளிய வழியொன்றைக் காட்டியுள்ளது. தட்டில் கால் பகுதி சோறு போன்ற மாவுச்சத்து. கால் பகுதி மீன், கோழி, முட்டை, பருப்பு போன்ற புரதச்சத்து. எஞ்சிய அரைப் பகுதி காய்கறியும் பழமும். மலாய்மொழியில் இதனைச் 'சுகு சுகு செபாரோ' என்பர். மேற்கண்ட கடலைக் கலவையுடன் ஒரு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் கீரையும் ஒரு துண்டு பப்பாளியும் சேர்ந்தால், அத்தட்டு நிறைவு பெறும்.

சமையல் என்பது பெண்களுக்கு மட்டும் உரிய வேலையன்று. பசி எல்லாருக்கும் உண்டு. ஆகவே சமைக்கும் கடமையும் எல்லாருக்கும் உண்டு. இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பலர் உயர்கல்விக்காகவோ வேலைக்காகவோ வீட்டைவிட்டு வெளியே தங்க நேரலாம். அப்போது தாயின் கைப்பக்குவம் உடன் வராது. நீங்கள் இப்போது கற்றுக்கொண்டதே உடன் வரும். வாரம் ஒரு நாளேனும் வீட்டுச் சமையலில் கைகொடுங்கள். குழம்பைச் சுவைத்துப் பார்க்கும்போது, "இன்னும் உப்பு வேண்டுமா?" என்று கேட்பதற்கு முன், "இதற்குப் புளிப்பு வேண்டுமா, மணம் வேண்டுமா?" என்று கேளுங்கள். நீரிழிவோடும் இரத்த அழுத்தத்தோடும் போராடும் தாத்தாவும் பாட்டியும், தனிச்சட்டியில் பத்தியச் சோறு உண்ணாமல், குடும்பத்தாரோடு ஒரே குழம்பை மகிழ்ந்து உண்ண அக்கேள்வி வழிவகுக்கும்.

சிந்தித்து விடையளிப்போம்

1. 'மிளகாய்' என்னும் பெயர் எவ்வாறு தோன்றியது?
2. உப்பைக் குறைத்தும் சுவையாகச் சமைப்பதற்குக் கட்டுரையில் கூறப்படும் நான்கு வழிகள் யாவை?
3. அரிசியையும் பருப்பையும் சேர்த்து உண்பதால் விளையும் பயனை விளக்குக.
4. உங்கள் வீட்டில் அடிக்கடி சமைக்கப்படும் உணவொன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் உப்பையோ எண்ணெயையோ சீனியையோ குறைத்துச் சுவை கெடாமல் சமைக்கும் முறையை எழுதுக.